வரிப்பதிவுக்கு முன்னால் எழுத வேண்டிய தொழில் திட்டம்

மதுரையில் புதிதாகச் சிறுதொழில் தொடங்குகிறவரிடம் பெரும்பாலும் இரண்டு கோப்புகள் இருக்கும். ஒன்று வங்கிக்கும் மாவட்டத் தொழில் மையத்துக்கும் கொடுத்த திட்ட அறிக்கை. பிராஜெக்ட் ரிப்போர்ட் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இன்னொன்று ஜிஎஸ்டி நம்பர் வாங்குவதற்காக ஆடிட்டர் அலுவலகத்தில் கொடுத்த காகிதங்கள்: பான், ஆதார், மின்கட்டண ரசீது, வாடகை ஒப்பந்தம். முதல் கோப்பில் ஆண்டு விற்பனை 60 லட்சம் என்று எழுதியிருக்கும். வரியைப் பற்றிக் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தால் உண்டு. இரண்டாவது கோப்பில் விற்பனை எவ்வளவு என்ற பேச்சே இருக்காது. ஒரே தொழிலைப் பற்றிய இந்த இரண்டு கோப்புகளும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை.

இதற்குக் காரணம் எளிது. ஜிஎஸ்டி பதிவுக்குத் தொழில் திட்டம் எதையும் இணைக்கச் சொல்லிச் சட்டம் கேட்பதில்லை. கட்டணமும் இல்லை. கேட்காததை யார் உட்கார்ந்து எழுதுவார்கள்? “முதல்ல நம்பரை எடுத்துருங்கண்ணே, மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்” என்பதுதான் நம் பக்கத்தில் கிடைக்கும் முதல் அறிவுரை. நம்பரை எடுக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் டிக் அடிக்கிற கட்டங்கள் சில, அடுத்த நான்கைந்து ஆண்டு லாபத்தைத் தீர்மானித்துவிடுகின்றன. வங்கி கேட்டதற்காக அல்லாமல், இந்தக் கட்டங்களுக்குப் பதில் தெரிந்துகொள்வதற்காகவே திட்டம் எழுதப்பட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

படிவம் உண்மையில் என்ன கேட்கிறது

பதிவு விண்ணப்பம் ரெக்-01 என்ற படிவம். அதில் தொழிலின் அமைப்பு என்ன (தனிநபரா, கூட்டா, கம்பெனியா), பதிவு எடுக்கக் காரணம் என்ன, தொழில் தொடங்கிய தேதி எது, பதிவு செய்ய வேண்டிய கடமை எந்தத் தேதியில் வந்தது, முதன்மை இடம் எது, கூடுதல் இடங்கள் உண்டா, அங்கே நடப்பது உற்பத்தியா, மொத்த விற்பனையா, சில்லறையா, கிடங்கா, காம்போசிஷன் (விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் முறை) வேண்டுமா என்று வரிசையாகக் கேட்கும். விற்கப்போகும் பொருள்களில் முக்கியமான ஐந்தை, பொருளை வகைப்படுத்தும் எச்எஸ்என் குறியீட்டோடு கேட்கும்.

இவற்றில் ஒன்றுகூட வெறும் எழுத்து வேலை இல்லை. கூடுதல் இடம் என்ற கட்டத்தையே எடுத்துக்கொள்வோம். திருமங்கலத்தில் பட்டறை, மதுரையில் கீழமாசி வீதிப் பக்கம் சின்னதாக ஒரு கிடங்கு என்று நினைத்திருந்தால் கிடங்கையும் அதில் காட்ட வேண்டும். திட்டத்தில் கிடங்கே யோசிக்கப்படவில்லை என்றால் சரக்கு போன பிறகு திருத்த விண்ணப்பம் போட்டு அலைய வேண்டும். தொழிலின் அமைப்பு அதைவிடப் பெரிய விஷயம். ஜிஎஸ்டி எண் பானை ஒட்டியது. இன்று தனிநபர் பெயரில் எடுத்துவிட்டு அடுத்த ஆண்டு பிரைவேட் லிமிடெட்டாக மாற்றினால் பான் மாறும். ஜிஎஸ்டி எண்ணும் புதிதாகத்தான் எடுக்க வேண்டும். அச்சடித்த கவர், கடைகளில் பதிந்த விவரம் எல்லாம் மாறும்.

முகவரிச் சான்றில்தான் நம் ஊரில் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். பழைய வீடுகளில் மின் இணைப்பு இன்னும் தாத்தா பெயரில் இருக்கும். அவர் காலமாகியிருப்பார், வாரிசுகள் நாலு பேர் இருப்பார்கள். வாடகைக் கடையென்றால் உரிமையாளர் தன் ஆதாரைத் தரத் தயங்குவார். இதைப் பற்றி மத்திய மறைமுக வரி வாரியம் 2025 ஏப்ரல் 17-ல் தன் அதிகாரிகளுக்கு ஓர் அறிவுறுத்தல் கொடுத்தது. சொந்த இடமென்றால் சொத்துவரி ரசீது, மின்கட்டண ரசீது போன்றவற்றில் ஏதாவது ஒன்று போதும். வாடகை இடமென்றால் பதிவு செய்த ஒப்பந்தமும் உரிமையாளரின் உரிமைச் சான்று ஒன்றும் போதும்; ஒப்பந்தம் பதிவு செய்யப்படாதது என்றால் அவருடைய அடையாளச் சான்றும் வேண்டும். உறவினர் இடமென்றால் வெள்ளைத்தாளில் ஒப்புதல் கடிதம், அவருடைய அடையாளச் சான்று, உரிமைச் சான்று போதும். உரிமையாளரின் பான், கடைக்குள் அவர் நிற்கும் படம் என்றெல்லாம் கேட்கக் கூடாது. உத்யம் சான்று (சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு), வணிக உரிமம் போன்றவற்றையும் வற்புறுத்தக் கூடாது. விண்ணப்பம் மத்திய வரித் துறைக்கும் போகலாம், மாநில வணிகவரித் துறைக்கும் போகலாம். மதுரையில் முன்னது பி.பி.குளம், பின்னது டாக்டர் தங்கராஜ் சாலை. கேள்வி வந்தால் அது ரெக்-03 என்ற அறிவிப்பாக வரும். ஏழு வேலை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். திட்டத்தை முன்பே எழுதியவருக்குப் பதில் கையில் இருக்கும்.

2025 நவம்பர் 1 முதல் எளிய பதிவு முறை ஒன்றும் நடைமுறையில் இருக்கிறது. பதிவு பெற்ற வணிகர்களுக்கு விற்பதால் வரும் வரி மாதம் 2.5 லட்சத்தைத் தாண்டாது என்று விண்ணப்பிப்பவரே மதிப்பிட்டுச் சொல்லி, ஆதார் சரிபார்ப்பையும் முடித்தால் மூன்று வேலை நாளில் எண் வந்துவிடும். 5 சதவீதப் பொருளுக்கு அந்த வரம்பு மாதம் 50 லட்சம் விற்பனை. 18 சதவீதப் பொருளுக்குச் சுமார் 13.9 லட்சம். இங்கே கவனிக்க வேண்டியது, யாருக்கு விற்கப்போகிறோம் என்ற கேள்வியை அரசே விண்ணப்பத்தின் வாசலில் வைத்துவிட்டது என்பதுதான். பதிவு பெற்ற மொத்த வியாபாரிக்கா, பதிவில்லாத பெட்டிக்கடைக்கா, நேரே வீட்டுக்கா என்று பிரித்து எழுதிய விற்பனைக் கணக்கு இல்லாமல் இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது.

பதிவு வேண்டுமா, எப்போது

தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தையும், சேவை தருபவருக்கு 20 லட்சத்தையும் தாண்டினால் பதிவு கட்டாயம். இது எல்லோருக்கும் தெரியும். இதன் ஓரங்கள்தான் தெரியாது.

40 லட்சம் என்ற வரம்பு பொருள் மட்டுமே விற்பவருக்கு. அதே பானில் ஒரு கடையை வாடகைக்கு விட்டிருந்தால், அல்லது கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் வேலையும் சேர்ந்திருந்தால், அவர் பொருள் மட்டும் விற்பவர் அல்ல. வரம்பு 20 லட்சமாகிவிடும். விற்றுமுதலைக் கணக்கிடும்போது வரி இல்லாத பொருளின் விற்பனையும் சேரும். ஐஸ்கிரீம் விற்பவருக்கு 40 லட்ச வரம்பு கிடையாது, 20 தான். செங்கல், ஓடு சூளைக்காரர்களுக்கும் அப்படியே. ஜிகர்தண்டாவுக்குப் பெயர்போன ஊரில் ஐஸ்கிரீம் என்ற ஒரு சொல் சட்டத்தில் எங்கெல்லாம் வருகிறது என்று பார்ப்பது அவசியம். ஐஸ்கிரீம் தயாரிப்பவர் காம்போசிஷனுக்கும் போக முடியாது.

சாப்பாட்டுக் கடை சேவைக் கணக்கில் வரும். 20 லட்சத்தை 365 நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 5,480 ரூபாய். காலையும் இரவும் இட்லி, தோசை போடும் சுமாரான மெஸ்கூட இதைத் தொட்டுவிடும். மெஸ் தொடங்குகிற பலர் “இன்னும் ஒரு வருஷம் போகட்டும்” என்று நினைப்பது இந்த வகுத்தலைச் செய்யாததால்தான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. அப்பளத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. அப்பளம் மட்டும் செய்து விற்பவருக்கு, விற்பனை எத்தனை லட்சமானாலும், வரி உள்ள வேறெதையும் விற்காதவரை பதிவே தேவையில்லை. கேரளத்துக்கு அனுப்பினாலும் தேவையில்லை. ஆனால் அதே கூடத்தில் முறுக்கும் போட்டு விற்க ஆரம்பித்தால் கணக்கு மாறிவிடும். முறுக்குக்கு 5 சதவீதம் வரி உண்டு. விற்றுமுதலைக் கூட்டும்போது அப்பளத்தின் விற்பனையும் சேர்ந்துதான் 40 லட்சத்தை எட்டும். அப்பளத்தில் ஆண்டுக்கு 38 லட்சம் விற்பவர் மூன்று லட்சத்துக்கு முறுக்கு விற்றால் பதிவுக்குள் வந்துவிடுகிறார். புதிய பொருள் ஒன்றைச் சேர்க்கலாமா என்ற முடிவோடு இந்தக் கணக்கும் சேர்ந்தே எழுதப்பட வேண்டும்.

வரி உள்ள பொருளை வெளிமாநிலத்துக்கு விற்றால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம். கைவினைப் பொருள்களில் குறிப்பிட்ட சிலவற்றுக்குச் சலுகை உண்டு, மற்றவற்றுக்கு இல்லை. தேனியைத் தாண்டினால் குமுளி, செங்கோட்டையைத் தாண்டினால் கொல்லம். மதுரைத் தயாரிப்புக்குக் கேரளம் பக்கத்துச் சந்தை. “முதலில் உள்ளூர், பிறகு கேரளம்” என்று வாய்ப்பேச்சாகச் சொல்வதைத் திட்டத்தில் எந்த மாதம் என்று எழுத வேண்டியிருப்பது இதனால்தான்.

வரம்பைத் தாண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். சீசன் தொழில்களில் இது தவறிப்போகும். தின்பண்டம், ஜவுளி இரண்டிலும் ஆண்டு விற்பனையின் பெரும்பங்கு தீபாவளியை ஒட்டி வரும். செப்டம்பர் வரை 25 லட்சத்தில் நின்றவர் அக்டோபரில் 42 லட்சத்தைத் தொடலாம். அந்த மாதம் யாருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. விண்ணப்பம் ஜனவரிக்குத் தள்ளிப்போனால், இடைப்பட்ட விற்பனைக்கு வாடிக்கையாளரிடம் வாங்காத வரியைக் கைக்காசிலிருந்து கட்ட வேண்டும், அபராதம் தனி. மாதவாரியாக எழுதிய விற்பனைக் கணக்கில் இந்த நாள் முன்கூட்டியே தெரியும். ஆண்டுத் தொகையை மட்டும் எழுதிய திட்டத்தில் தெரியாது.

ரெகுலரா, காம்போசிஷனா: ஒரு கணக்கு

பதிவு என்று முடிவானதும் அடுத்த கேள்வி இது. ரெகுலரில் வாடிக்கையாளரிடம் வரி வாங்கி, சரக்குக்கு நாம் கொடுத்த வரியை அதில் கழித்து மீதியைக் கட்ட வேண்டும். காம்போசிஷனில் விற்பனையில் ஒரு சிறு சதவீதம் மட்டும் கட்டினால் போதும். உற்பத்தியாளருக்கும் வியாபாரிக்கும் 1, உணவகத்துக்கு 5, மற்ற சேவைகளுக்கு 6. பொருள் விற்பவருக்கும் உணவகத்துக்கும் ஆண்டு 1.5 கோடி வரை, மற்ற சேவைகளுக்கு 50 லட்சம் வரை இந்த வசதி. வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக வாங்க முடியாது. வாங்கிய சரக்குக்குக் கொடுத்த வரியை, அதாவது இன்புட்டை, கழிக்க முடியாது. வெளிமாநிலத்துக்கு விற்க முடியாது. “ஒரு பர்சன்ட் தானே” என்று எல்லோரும் அதை நோக்கி ஓடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முறுக்கு, மிக்சர் போடும் ஒரு சிறு கூடம் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. பாக்கெட் போட்ட இந்த வகைத் தின்பண்டத்துக்கு 12 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். மாத விற்பனை, வரியோடு சேர்த்து, 4,20,000 ரூபாய். மாவும் பருப்பும் ஒரு லட்சத்துக்கு வாங்குகிறார். 25 கிலோவுக்கு மேற்பட்ட மூட்டையாக வாங்குவதால் அதற்கு வரி இல்லை. எண்ணெய் ஒரு லட்சம், வரி 5,000. அச்சடித்த பிளாஸ்டிக் கவர் 40,000. 18 சதவீதத்தில் வரி 7,200. வணிக சிலிண்டர் 30,000, வரி 5,400. ஆக மாதம் 17,600 ரூபாய் வரியாகவே போகிறது.

ரெகுலரில் இருந்தால்: விற்பனையில் வரி 20,000. ஏற்கெனவே கொடுத்த 17,600-ஐக் கழித்து 2,400 கட்டினால் போதும். வரிச்சுமை மொத்தம் 20,000.

காம்போசிஷனில் இருந்தால்: விற்பனை 4,20,000-க்கு 1 சதவீதம், 4,200. கழிக்க முடியாத 17,600 செலவோடு சேர்கிறது. சுமை 21,800.

ஒரு சதவீதம் என்று நினைத்தது 1,800 ரூபாய் அதிகமாகிறது. கவருக்கும் சிலிண்டருக்கும் 18 சதவீதம் கொடுத்து 5 சதவீதப் பொருள் விற்பதுதான் காரணம். ஆனாலும் இந்தக் கூடத்துக்குக் காம்போசிஷனே நல்லது என்று நான் சொல்வேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பணம் கட்டி, ஆண்டுக்கு ஒருமுறை ரிட்டர்ன் போட்டால் முடிந்தது. கணக்கு எழுத ஆகும் கட்டணத்தில் அந்த 1,800 ஈடாகிவிடும். இதற்கு இரண்டு நிபந்தனைகள். சரக்கு தமிழ்நாட்டுக்குள்ளேயே விற்க வேண்டும். வாங்குபவர்கள் சின்னக் கடைக்காரர்களாக இருக்க வேண்டும். பதிவு பெற்ற பெரிய கடை வாங்குவதாயிருந்தால் அவருக்கு இன்புட் கிடைக்காது; “பில்லுல ஜிஎஸ்டி இல்லையேப்பா, விலையைக் குறை” என்பார். அந்தக் குறைப்பு 1,800-ஐவிடப் பெரிதாக இருக்கும்.

கப்பலூர் தொழிற்பேட்டையில் இரும்பு வெட்டிப் பற்றவைக்கும் பட்டறை வைப்பவருக்கு இதே கணக்கு தலைகீழ். வாங்கும் தகட்டுக்கும் 18, விற்கும் பொருளுக்கும் 18, வாங்குபவர்கள் எல்லோரும் பதிவு பெற்ற தொழிற்சாலைகள். அவர் ரெகுலர் தவிர வேறு யோசிக்க வேண்டியதில்லை. உணவகத்துக்கோ இன்னொரு விசித்திரம். ரெகுலரிலும் இன்புட் இல்லாமல் 5 சதவீதம்தான், காம்போசிஷனிலும் 5 சதவீதம்தான். ரெகுலரில் அதை வாடிக்கையாளரின் பில்லில் போடலாம். காம்போசிஷனில் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். அங்கே மிச்சமாவது காகித வேலை மட்டும்.

வாடகையில் ஒளிந்திருக்கும் ஒரு வரியையும் இந்த இடத்தில் சேர்க்க வேண்டும். பதிவு இல்லாத உரிமையாளரிடம் கடையோ கூடமோ வாடகைக்கு எடுத்தால், 2024 அக்டோபர் 10 முதல், வாடகைக்கான 18 சதவீத வரியை ரிவர்ஸ் சார்ஜ் முறையில் பதிவு பெற்ற வாடகைதாரரே கட்ட வேண்டும். மாத வாடகை 15,000 என்றால் 2,700 ரூபாய்; இன்புட்டில் கழிக்காமல் ரொக்கமாகக் கட்ட வேண்டும், கட்டிய பின் அதை இன்புட்டாக எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷனில் இருப்பவருக்கு இந்தக் கடமை 2025 ஜனவரியில் நீக்கப்பட்டது. மதுரையில் கடைக்குச் சொந்தக்காரர் பெரும்பாலும் ஜிஎஸ்டி இல்லாத தனிநபர்தான். வாடகை என்று திட்டத்தில் எழுதும் தொகையின் பக்கத்தில் இதையும் எழுதிவைக்க வேண்டும்.

இயந்திரம் முதலில் வந்தால்

என் பார்வையில் மிக அதிகப் பணத்தைத் தின்னும் தவறு இங்கேதான் நடக்கிறது. நம்பர் வாங்கும் முன்பே இயந்திரம் வாங்கிவிடுவது.

எட்டு லட்சத்துக்கு ஓர் இயந்திரம். 18 சதவீதம் வரி 1,44,000. பதிவு பெற்ற நாளுக்கு முந்தைய நாள் கையிருப்பில் உள்ள மூலப்பொருள், பாதி முடிந்த சரக்கு, முடிந்த சரக்கு ஆகியவற்றின் வரியைப் புதிதாகப் பதிவு பெறுபவர் இன்புட்டாக எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. இயந்திரத்துக்கு அந்த இடத்தைத் தரவில்லை. பதிவுக்கு ஒரு வாரம் முன்பு பில் போட்ட இயந்திரத்தின் 1,44,000 போனது போனதுதான். பதிவு கிடைத்த மறுவாரம் ஜிஎஸ்டி எண்ணோடு பில் போட்டிருந்தால் அது முழுவதும் வரவு.

அப்படியானால் ஆறேழு மாதம் முன்னாடியே நம்பர் எடுத்து வைத்துக்கொள்ளலாமா? அதுவும் கூடாது. வரம்பைத் தொடாமல் தாமாக முன்வந்து பதிவு எடுத்தவர் ஆறு மாதத்துக்குள் தொழிலைத் தொடங்கவில்லை என்றால் அதிகாரி பதிவை ரத்து செய்யலாம். அதற்குள் விற்பனையே இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் போட வேண்டும். வெறும் ரிட்டர்னைத் தாமதித்தால் நாளுக்கு 20 ரூபாய். ஆக, பதிவு என்பது இயந்திர பில்லுக்கு முன்னும், முதல் விற்பனைக்கு ஆறு மாதத்துக்குள்ளும் விழ வேண்டும். கடன் ஒப்புதல், பயிற்சி, மின் இணைப்பு, உணவுப் பாதுகாப்புப் பதிவு, இயந்திரம் வந்து சேரும் நாள் எல்லாவற்றையும் ஒரு தாளில் மாதவாரியாகப் போட்டால்தான் அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியும்.

வரவு கிடைத்துவிட்டது என்பதாலேயே பணம் கைக்கு வந்துவிடாது. மேலே சொன்ன முறுக்குக் கூடம் ரெகுலரில் மாதம் கட்ட வேண்டியது 2,400 தான். வாடகையின் 2,700-உம் இன்புட்டாகச் சேர்ந்தால் கட்ட வேண்டியது பூஜ்யத்துக்குக் கீழே போகிறது. 1,44,000 எதில் கழியும்? கணக்குப் பேரேட்டில் உட்கார்ந்திருக்கும், அவ்வளவே. குறைந்த வரிப் பொருளுக்கு அதிக வரி இன்புட் தேங்கினால் திரும்பப் பெறும் வழி உண்டு. ஆனால் அதில் இயந்திரத்தின் வரி சேராது. இரும்புப் பட்டறைக்காரருக்கோ அதே 1,44,000 சில மாதங்களில் கழிந்துவிடும். ஆகவே “இயந்திர ஜிஎஸ்டி திரும்ப வரும்” என்ற பொதுவான வாக்கியத்தைத் திட்டத்தில் எழுதாமல், எந்த மாதத்தில் எவ்வளவு கழியும் என்று எழுத வேண்டும்.

வங்கித் திட்ட அறிக்கையோடு இது மோதும் இடம் ஒன்று உண்டு. கடன் கேட்கும்போது கொட்டேஷனில் உள்ள 9,44,000-ஐத் திட்டச் செலவாகக் காட்டுவார்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டமான பிஎம்இஜிபியில் உற்பத்தித் தொழிலுக்குத் திட்டச் செலவு 50 லட்சம் வரை; பொதுப் பிரிவினருக்கு நகரில் 15, கிராமத்தில் 25 சதவீத மானியம்; பெண்கள், பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் உள்ளிட்டோருக்கு 25, 35. தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தில் 10 லட்சம் முதல் 5 கோடி வரையான திட்டங்களுக்கு 25 சதவீதம், உச்சம் 75 லட்சம். இந்த அறிக்கைகளைத் தயாரித்துக் கொடுப்பவர்கள் பழைய கோப்பில் பெயரை மாற்றிப் புது அறிக்கை செய்வது வழக்கமாகிவிட்டது. கடன் கிடைக்க வேண்டும் என்பதற்காக விற்பனையை ஏற்றிப் போடுவார்கள். அதே ஆண்டு வரம்புக்குக் கீழே இருப்பதாகச் சொல்லிப் பதிவில்லாமல் தொழில் நடக்கும். பின்னால் கேள்வி வந்தால், தன் கையெழுத்துள்ள இரண்டு காகிதங்கள் வேறுவேறு பேசுவதற்கு உரிமையாளர்தான் பதில் சொல்ல வேண்டும். வங்கிக்கு ஒன்று, வரிக்கு ஒன்று என்று எழுதுவது தேவையில்லாத ஆபத்து. நிதானமான ஒரே விற்பனைக் கணக்கிலிருந்து இரண்டும் வர வேண்டும்.

கடன் விற்பனையின் பாதிப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ரெகுலரில் வரி, பில் போட்ட மாதத்துக்கு உரியது. வசூலான மாதத்துக்கு அல்ல. பட்டறைக்காரர் ஐந்து லட்சத்துக்குப் பில் போட்டால் 90,000 வரி. மாத ரிட்டர்ன் என்றால் அடுத்த மாதம் 20-ம் தேதிக்குள் கட்ட வேண்டும். வாடிக்கையாளர் 60 நாள் கழித்துத் தருவார். அந்த 90,000-த்தில் இன்புட் போக மிச்சத்தை எங்கிருந்து எடுப்பது? நடைமுறை மூலதனம் என்று அறிக்கையில் போடும் தொகையில் இது அநேகமாக இருப்பதில்லை. சரக்குக் கொடுப்பவர் தன் ரிட்டர்னை ஒழுங்காகப் போடாவிட்டால் நம் இன்புட்டும் காட்டாது. ஆகவே யாரிடம் வாங்குவது என்பதும் விலையை மட்டும் பார்த்து முடிவு செய்யும் விஷயம் இல்லை.

தனிநபரா, கம்பெனியா

வருமானவரிப் பக்கம் சுருக்கமாக. தனிநபரோ சாதாரணக் கூட்டாண்மையோ ஊக வருமான முறையில் கணக்குக் காட்டலாம். விற்பனை 2 கோடி வரை, ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் 3 கோடி வரை, விற்பனையில் 8 சதவீதத்தை, வங்கி வழி வந்த தொகைக்கு 6 சதவீதத்தை, லாபமாகக் காட்டினால் போதும். கம்பெனிக்கும் எல்எல்பிக்கும் (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மை) இந்த வசதி இல்லை. கம்பெனிக்கு விலக்கு வரம்பே கிடையாது. குறைந்த வீதத்தைத் தேர்ந்தெடுத்தாலும் 22 சதவீதத்தோடு கூடுதல் வரிகள் சேர்ந்து 25.17 சதவீதம், முதல் ரூபாயிலிருந்து. தணிக்கையும் ஆண்டறிக்கையும் விற்பனை இல்லாவிட்டாலும் உண்டு. பெயர் கம்பீரமாக இருக்கும் என்பதற்காகப் பிரைவேட் லிமிடெட் எடுக்க வேண்டாம். வெளியார் முதலீடு வரப்போகிறது, பெரிய நிறுவனங்களின் டெண்டருக்குப் போகப்போகிறோம் என்று திட்டத்தில் தெளிவாக இருந்தால் எடுங்கள்.

எண் கையில் வந்த பிறகு

எண் வந்த 30 நாளுக்குள், அல்லது முதல் விற்பனை விவர ரிட்டர்ன் போடும் முன், எது முந்தியதோ அதற்குள், தொழிலின் வங்கிக் கணக்கைப் பதிய வேண்டும். தவறினால் பதிவு நிறுத்திவைக்கப்படும். கடை முகப்பில் ஜிஎஸ்டி எண்ணை எழுத வேண்டும். உத்யம் பதிவை இந்தக் கட்டத்தில் செய்துகொள்ளலாம். இலவசம்தான், இடைத்தரகருக்குப் பணம் தர வேண்டியதில்லை.

முதல் ஆண்டு ஓடியதும் திட்டத்தை எடுத்து உண்மைக் கணக்கோடு வைத்துப் பார்க்க வேண்டிய மாதம் பிப்ரவரி. ரெகுலரில் இருப்பவர் அடுத்த ஆண்டு காம்போசிஷனுக்கு மாற வேண்டுமென்றால் மார்ச் 31-க்குள் தெரிவிக்க வேண்டும். தாண்டினால் இன்னும் ஓராண்டு காத்திருக்க வேண்டும். காம்போசிஷனிலிருந்து ரெகுலருக்கு எப்போது வேண்டுமானாலும் வரலாம். கேரள ஆர்டர் கிடைத்து அப்படி வருபவருக்கு, பதிவில்லாதவருக்கு இல்லாத ஒரு சலுகை உண்டு. கையிருப்புச் சரக்கோடு இயந்திரத்தின் வரியையும், பில் தேதியிலிருந்து ஒவ்வொரு காலாண்டுக்கும் 5 சதவீதம் குறைத்துக்கொண்டு, இன்புட்டாக எடுக்கலாம். பில் ஓராண்டுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். ஏப்ரலில் இயந்திரம் வாங்கி ஜனவரியில் மாறுபவருக்கு 1,44,000-ல் நான்கு காலாண்டுக்கான 20 சதவீதம் போக 1,15,200 வரவு நிற்கும். அடுத்த மே மாதம் வரை காத்திருந்து மாறுபவருக்கு ஒன்றும் நிற்காது.